இடது கன்னத்துக் கல்யாணி

முதலில் ஒன்றைத் திருத்திவிட வேண்டும். நாகஸ்வரம் வாசிக்கிறவனுக்குக் கன்னம் உப்பும் என்று தமிழ்நாட்டில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைக்குப் படம் வரைகிறவர்கள், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மேளக்காரர் வேஷம் கட்டுகிற பிள்ளைகள், எல்லாரும் சேர்ந்து பரப்பிய நம்பிக்கை. இதைப்போலத் தவறானதும், இதைப்போல ஆழமாக வேரோடியதும் வேறொன்று கிடையாது. பூமி தட்டை என்று நினைத்தவர்கள்கூட ஒரு கட்டத்தில் மனம் மாறினார்கள். கன்னம் உப்பினால் காற்று அங்கே தங்கிவிட்டது என்று அர்த்தம். தங்குகிற காற்று வாசிக்காது. நாபியிலிருந்து கிளம்பி நேராகக் குழலுக்குள் போக வேண்டும். வாய் ஒரு நடைபாதை, அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷமாக வாசிக்கிறேன். என் கன்னம் உப்பி யாரும் பார்த்தது கிடையாது. போன ஆவணி வரைக்கும்.

நீங்கள் பேச வேண்டாம் சார். ஊசி போட்டு வெளியே உட்காரவைத்திருக்கிறார்கள், நன்றாக மரத்துப்போகக் கொஞ்ச நேரம் ஆகும். இப்போது பேசினால் நாக்கைக் கடித்துக்கொள்வீர்கள், அதுவும் தெரியாது. தலையை ஆட்டினால் போதும். ஞானப்பல்தானே? கீழேயா? சரி. எனக்கும் கீழேதான். இடது பக்கம்.

நான் கீழநத்தம் வேணுகோபால். கும்பகோணம் பக்கம் கல்யாணங்களுக்குப் போயிருந்தால் கேட்டிருப்பீர்கள். ஆட்டவில்லையே. பரவாயில்லை, நான் வாசித்தபோது சாப்பாட்டுப் பந்தியில் இருந்திருப்பீர்கள்.

எங்கள் செட்டில் நான் முதல் நாகஸ்வரம். பக்கத்தில் நிற்பவன் அம்பலவாணன், என் மனைவிக்குத் தம்பி. முப்பத்தைந்து வயது. தவிலுக்குப் பக்கிரிசாமி. பக்கத்தில் நிற்கிறவனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கேட்க முடியாது, நானே சொல்கிறேன். நான் ராகம் விரிக்கும்போது அவன் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கீர்த்தனை வந்தால் சேர்ந்து வாசிப்பான். நான் மூச்சு வாங்குகிற இடத்தில் பள்ளம் விழாமல் நிரப்புவான். பதினாறு வருஷமாக நிரப்புகிறான். நல்ல பையன், எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான். போன பொங்கலுக்கு என் மனைவி பவுனு, "ஏங்க, தம்பிக்கும் முப்பத்தஞ்சு ஆச்சு" என்றாள். ஆமாம், ஆகியிருக்கும் என்றேன். பெண்களுக்கு வயதெல்லாம் துல்லியமாக நினைவிருக்கும்.

ஆவணி மாதம். கதிரேசன் மகளுக்குக் கல்யாணம். கும்பகோணத்தில் பெரிய மண்டபம் வைத்திருக்கிறாரே, அவர். போனில் கூப்பிட்டார். "வேணு, நீங்களே வரணும். ஆள் மாத்தி அனுப்புற வேலையெல்லாம் வேணாம்" என்றார். ஒரே முகூர்த்தத்துக்கு மூன்று இடத்தில் ஒப்புக்கொண்டு, இரண்டு இடத்துக்குச் சித்தப்பா பிள்ளைகளை அனுப்புவது எங்கள் தொழிலில் நடப்பதுதான். நான் செய்ததே இல்லை, நாலு தடவைக்கு மேல். அந்தக் கல்யாணத்தின் முக்கியத்துவம் என்னவென்றால், அந்த மண்டபத்துக்கு இனிமேல் நிரந்தரமாக எந்த மேளம் என்று கதிரேசன் அன்றைக்குத்தான் முடிவுசெய்யப்போகிறார். மண்டபம் கிடைத்தால் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் நம் பெயர். கிடைக்காவிட்டால் திருவிடைமருதூர்க்காரர்கள் பெயர். அந்தப் பெயரை நான் என் வாயால் சொல்லமாட்டேன்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பல் வலி. ஐம்பத்திரண்டு வயதில் ஞானப்பல். கிராம்புத் தைலம் வைத்துக்கொண்டு ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். பவுனு விடவில்லை. இழுத்துக்கொண்டு வந்தாள், இதே நாற்காலிதான். டாக்டர் நஸ்ரின் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மாத்திரை தர்றேன், வீக்கம் வடியட்டும். ஒரு பத்து நாள் கழிச்சுக்கூட எடுக்கலாம்" என்றார். பவுனு கேட்கவே இல்லை. "வேணாம் டாக்டர், இன்னைக்கே எடுத்துருங்க. இவரு வலி தாங்க மாட்டாரு." முப்பது வருஷம் குடும்பம் நடத்தியும் இன்னும் அப்படி ஒரு பாசம் சார். என் கண்ணே கலங்கிவிட்டது.

எடுத்தார்கள். அதைப்பற்றிச் சொல்லி உங்களைப் பயமுறுத்தப்போவதில்லை. தேங்காய் மட்டை உரிக்கிற சத்தம் வரும், அவ்வளவுதான்.

எடுத்து, தையல் போட்டு, பஞ்சைக் கடிக்கக் கொடுத்துவிட்டு டாக்டர் கேட்டார். "என்ன வேலை பாக்குறீங்க?"

பஞ்சோடு "நாகஸ்வரம்" என்றேன்.

"அப்ப மூணு வாரம் ஊதக் கூடாது. ஸ்ட்ரா போட்டு எதையும் உறிஞ்சக் கூடாது. துப்பக் கூடாது."

ஒரே மூச்சில் என் தொழிலையும், இளநீரையும், வெற்றிலையையும் எடுத்துக்கொண்டுவிட்டார். நான் பஞ்சை ஒதுக்கிவைத்துக்கொண்டு, இப்போது உங்களிடம் சொன்னேனே, அதையே அவருக்கும் விளக்கினேன். டாக்டரம்மா, சாதாரண ஜனங்கள் நினைக்கிற மாதிரி நான் வாயால் ஊதுகிறவன் இல்லை. காற்று நாபியிலிருந்து வருகிறது. வாய் அதற்கு ஒரு வழி மட்டும்தான்.

"அந்த வழியிலதான் தையல் போட்டிருக்கேன்" என்றார்.

பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து மூடி மாதிரி நிற்குமாம். காற்று அழுத்தினால் மூடி கிளம்பிவிடுமாம். கிளம்பினால் உள்ளே எலும்பில் காற்று படுமாம்.

"பட்டா என்ன ஆகும்?"

"பட்டாத்தான் தெரியும்" என்றார். அவருக்கு என் வயதில் பாதி.

அன்று சாயங்காலம் வீட்டில் ஆலோசனை. கன்னம் அதற்குள் ஏறிவிட்டது. பக்கிரிசாமி வந்தவன் வாசலிலேயே நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "அண்ணே, ஒரு பக்கம் மட்டும் வார் புடிச்ச தவிலாட்டம் இருக்கே. இது வலந்தலையா, தொப்பியா?"

"இடது பக்கம்னா தொப்பிதான், தவில்காரனுக்கு இதுகூடத் தெரியாதா" என்றேன். தவிலின் வலது முகம் வலந்தலை, இடது முகம் தொப்பி. உண்மையில் நான் சொன்னது வேறு மாதிரிதான் வெளியே வந்தது. பஞ்சு.

அம்பலவாணன் மெதுவாக ஆரம்பித்தான். "அத்தான், நான் வேணா கதிரேசன்கிட்ட போயி உண்மையச் சொல்லிட்டு வந்துர்றேனே."

"என்ன உண்மை?"

"உங்களுக்குப் பல்லு எடுத்திருக்குன்னு."

"அது உண்மை இல்லடா, செய்தி. நாளைக்குத் திருவிடைமருதூருக்கு எட்டும்."

அப்போதுதான் பவுனு அடுப்படியிலிருந்து ஒரு யோசனை சொன்னாள். மிக எளிய யோசனை. "நீங்க எப்பவும்போல நில்லுங்க. கீறல் விட்ட சீவாளி ஒண்ணப் போட்டுக்குங்க. வெரல மட்டும் ஓட்டுங்க. தம்பி வாசிக்கட்டும். சபையில யாரு வந்து உங்க வாயில காது வச்சுப் பாக்கப்போறா?"

சீவாளி என்பது நாணல் தட்டையில் செய்து குழலின் உச்சியில் செருகுகிற சின்ன நாக்கு. சத்தம் அதில்தான் பிறக்கிறது. கீறல் விட்டுவிட்டால் நீங்கள் என்ன ஊதினாலும் மூச்சுதான் வரும்.

"எனக்குத் தெரியுமே" என்றான் பக்கிரிசாமி.

"நீ வாயக் கட்டிக்க."

"அண்ணனுக்கே கட்டியாச்சு, எனக்கென்ன."

முடிவாயிற்று. எனக்கு மசித்த ரசம் சாதம், ஆறவைத்த கஞ்சி. அம்பலவாணனுக்குத் தினமும் இரண்டு அவித்த முட்டை, பால். இரண்டு பேருக்கும் சேர்த்து அவன் ஊதவேண்டுமல்லவா, நியாயம்தான். அக்காவும் தம்பியும் மாடியில் உட்கார்ந்து சாதகம் செய்தார்கள். செய்தான், அவன். அவள் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கீழே படுத்திருந்தேன், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு. அது வாய்க்கு வாங்கிய பஞ்சில் மிஞ்சியது.

கல்யாணத்தன்று கன்னம் அதன் உச்சத்தில் இருந்தது. பட்டுத் துண்டு, ஜவ்வாது, நெற்றியில் சந்தனம், ஒரு பக்கம் மட்டும் பூசணிக்காய். மேடைக்குப் பக்கத்தில் எங்கள் இடம். கூச்சமாகத்தான் இருந்தது. தொப்பி போட்ட ஒரு வீடியோக்காரர் எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "ஐயா, சூப்பர். அந்தக் கன்னத்த மட்டும் அப்படியே வச்சுக்குங்க" என்றார். வைத்துக்கொள்ளாமல் எங்கே போவேன். கேமராவை அப்படியே அம்பலவாணன் பக்கம் திருப்பினார். அவன் கன்னம் தட்டையாக இருந்தது. என் பயிற்சி அப்படி. வீடியோக்காரருக்குத் திருப்தி இல்லை. "சார், நீங்க சும்மா நிக்காதீங்க. கொஞ்சம் ஊதுங்க சார்" என்றார்.

அம்பலவாணன் அப்போது கல்யாணி ராகத்தில் மேல் ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பார்த்தீர்களா, ஒரு தவறான நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று. கேமரா அதற்குப் பிறகு என்னை விட்டு நகரவே இல்லை.

நான் விரலை ஓட்டினேன். ஆரம்பத்தில் சரியாகத்தான் ஓடியது. அவன் போகிற வழி எனக்குத் தெரியும், நான் போட்ட வழிதானே. கால் மணி நேரத்துக்குப் பிறகு வழி மாறியது. நான் சொல்லிக்கொடுக்காத இடத்துக்கெல்லாம் போனான். எங்கே கற்றான் என்று தெரியவில்லை. பதினாறு வருஷம் ஒருவன் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றால் உள்ளே என்னென்ன சேருமோ. என் விரல் அவனுக்கு அரை மாத்திரை பின்னால் வந்தது, பிறகு ஒரு மாத்திரை. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் விரலை நிறுத்திவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். ஸ்ருதி சேர்கிறதா என்று கவனிக்கத்தான்.

ஒன்று சொல்கிறேன். வாசிக்கிறவனுக்குத் தன் வாசிப்பு முழுசாகக் கேட்காது. மண்டைக்குள் ஒரு இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். அடுத்தது என்ன, மூச்சு எங்கே, புரோகிதர் எங்கே பார்க்கிறார், காப்பி வந்ததா. முப்பத்தோரு வருஷத்தில் அன்றைக்குத்தான் ஒரு முகூர்த்தத்தை உட்கார்ந்து, இல்லை, நின்றுகொண்டு கேட்டேன். அம்பலவாணன் காந்தார ஸ்வரத்தில் வந்து நின்றான். நின்றான் என்றால், அங்கேயே பாய் விரித்துப் படுத்துவிட்டான். நானாக இருந்தால் அங்கே கண்ணிமைக்கிற நேரம், அடுத்த பிடிக்குத் தாவியிருப்பேன். கதிரேசனுடைய அண்ணன் ஒருவர் எந்தக் கல்யாணத்திலும் முன்வரிசையில் நாளிதழை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாங்கல்யம் ஏறும்போதுகூட அரசியல் பக்கத்தில்தான் இருப்பார். அன்றைக்கு அவர் அதை நாலாக மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். குழந்தைகள் ஓடவில்லை. பந்திக்கு எழுந்த ஒருவர் பாதி எழுந்த நிலையிலேயே நின்றார். வித்வான் ஒருவன் பக்கத்தில் நின்றாலே சபைக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு வந்துவிடும்.

குறை என்று பார்த்தால் நிறைய இருந்தது. ஒவ்வொன்றாக மனதில் குறித்துக்கொண்டேன், வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டும் என்று. வீட்டுக்குப் போனதும் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. பல்லோடு ஞாபக சக்தியும் கொஞ்சம் போய்விடும் போலிருக்கிறது. டாக்டரிடம் கேட்க வேண்டும்.

இனிமேல்தான் விபரீதம். கெட்டிமேளம் எதற்கு என்று தெரியும் அல்லவா? மாங்கல்யம் ஏறுகிற நேரத்தில் ஒரு தும்மல், ஒரு அழுகை, ஒரு வேண்டாத சொல், எதுவும் யார் காதிலும் விழக் கூடாது. அதனால் இருக்கிற சத்தத்தையெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் கொட்டவேண்டும். அதற்கென்று எனக்கு ஒரு வழக்கம். மாங்கல்யத் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபையைச் சுற்றிவரக் கிளம்பியதும், வாசித்துக்கொண்டிருந்த சீவாளியைக் கழற்றுவேன். குழலில் கட்டித் தொங்குகிற நூலில் விறைப்பான சீவாளி ஒன்று இருக்கும். அதை எடுத்து நாக்கில் ஈரப்படுத்திச் செருகுவேன். கெட்டிமேளத்துக்கு அந்தச் சீவாளிதான். இதை நான் நினைத்துச் செய்வதில்லை. நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது செருப்பை நினைத்தா கழற்றுகிறீர்கள்?

தட்டு கிளம்பியது. என் கையும் கிளம்பியது.

எனக்கு ஒன்றும் தெரியாது சார். நான் காந்தாரத்தை யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கிரிசாமி பார்த்திருக்கிறான். பிறகு கேட்டேன், ஏன்டா சொல்லவில்லை என்று. "அண்ணே வெறுமனே பாவனை பண்றீங்கன்னு நெனச்சேன். இவ்ளோ நேரம் அதத்தான பண்ணீங்க" என்றான்.

புரோகிதர் விரலை உயர்த்தினார். "கெட்டிமேளம், கெட்டிமேளம்."

ஊதிவிட்டேன். நாபியிலிருந்து.

ஒரே ஒரு வீச்சுதான். அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று இன்றுவரை யாரும் எனக்குச் சரியாகச் சொல்லவில்லை. அம்பலவாணனைக் கேட்டால் "நல்லாத்தான் இருந்துச்சு அத்தான்" என்று தரையைப் பார்க்கிறான். பக்கிரிசாமி, ரிவர்ஸ் எடுக்கிற லாரி என்கிறான். அது போகட்டும். டாக்டர் சொன்ன மூடி கிளம்பிவிட்டது. பட்டால்தான் தெரியும் என்றார் அல்லவா? தெரிந்தது. தாடையில் ஆரம்பித்தது, காது வழியாக ஏறி, கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

கத்தியிருக்கலாம். கெட்டிமேளத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது. ஆனால் மூன்றாவது முடிச்சு விழுகிறவரைக்கும் குழலை வாயிலிருந்து எடுக்கக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. எடுக்கவில்லை. அப்படியே நின்றேன். கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கன்னம் உப்பியிருந்ததால் கீழே வழியாமல் மேட்டில் தேங்கி, அங்கிருந்து சொட்டியது. வீடியோக்காரர் என் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

பெண்ணின் அம்மா முதலில் என்னைப் பார்த்தார். மேளக்காரர் அழுகிறார். அவருக்குத் தாங்கவில்லை, முந்தானையை எடுத்தார். அவரைப் பார்த்து அத்தை. அத்தையைப் பார்த்துப் பின்வரிசை. மாப்பிள்ளை வீட்டார்கூட, அவர்களுக்கு அழுவதற்கு ஒரு காரணமும் இல்லை, அவர்களும் அழுதார்கள். பக்கத்தில் அம்பலவாணன் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தான்.

பந்தி முடிந்ததும் கதிரேசன் பொன்னாடையோடு வந்தார். எனக்குப் போர்த்தினார்.

"வேணு, இந்த மண்டபத்துல எத்தனையோ கல்யாணம் பாத்துட்டேன். மேளக்காரர் அழுது பாத்ததில்ல. நானே அழல."

என்னால் வாயைத் திறக்க முடியாது. அடக்கத்தோடு தலையைக் குனிந்தேன்.

"அந்தக் கல்யாணி. நீங்க இவ்ளோ நெதானமா வாசிச்சு நான் கேட்டதே இல்ல. தப்பா நெனச்சுக்காதீங்க, உங்க வாசிப்பக் கேட்டா எப்பவும் கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சுங்குற மாதிரி இருக்கும். இனிமே இந்த மண்டபத்துக்கு நீங்கதான். ஆனா ஒண்ணு. இன்னைக்கு வாசிச்சாப்லயே வாசிக்கணும்."

தப்பாக நினைக்கவில்லை. வேகம் என் பாணி, அதைப் பாணி என்று புரிந்துகொள்ளக் கொஞ்சம் கேள்வி ஞானம் வேண்டும். அம்பலவாணன் தன் குழலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான். கருவியைச் சுத்தமாக வைத்துக்கொள்வதில் அவனுக்கு அக்கறை அதிகம்.

மண்டபத்திலிருந்து நேராக இங்கேதான் வந்தோம். டாக்டர் வாய்க்குள் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஊதினீங்களா?"

"ஒரே ஒரு தடவ."

"எதுக்கு?"

"தாலி கட்டினாங்க."

வேறு என்ன பதில் சொல்வது? குழியைக் கழுவி ஏதோ மருந்து வைத்து அடைத்தார். வாயால் சொன்னது இன்னும் மூன்று வாரம் என்று. ஆனால் சீட்டில் ஆறு வாரம் என்று எழுதியிருந்ததாம். ஆங்கிலத்தில் எழுதியிருந்தது, பவுனுதான் படித்துச் சொன்னாள். பத்தாவது வரைக்கும் படித்தவள், எழுத்துக் கூட்டாமல் படிப்பாள். நான் ஒரு தடவை பார்க்கிறேன் என்று கேட்டபோது சீட்டு சலவைக்குப் போன புடவையில் இருந்தது. டாக்டர்களும் பாவம், வாய் ஒன்று சொல்லும், கை ஒன்று எழுதும்.

ஆறு வாரமும் அம்பலவாணன்தான். பத்துப் பன்னிரண்டு முகூர்த்தம். நான் கூடவே போனேன், கீறல் சீவாளியோடு. கன்னம் வடிந்துவிட்டது. வீடியோக்காரர்கள் கொஞ்சம் வருத்தப்பட்டார்கள்.

ஐப்பசியில் கதிரேசன் மண்டபத்தில் ஒரு கல்யாணம். விரதம் முடிந்தது, நானே வாசித்தேன். ஆறு வாரத்து மூச்சு உள்ளே சேர்ந்திருந்தது, அத்தனையையும் கொடுத்தேன். முன்வரிசை அண்ணன் நாளிதழை விரித்தார். அன்றைக்குச் செய்தி அதிகம் போலிருக்கிறது. ஊஞ்சல் முடிந்ததும் கதிரேசன் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வேணு, ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். இப்பதான் சரியாச்சு."

"அதான் பாத்தேன்" என்றார். "அன்னைக்கு மாதிரி வாசிங்களேன்."

நான் யோசித்தேன் சார். வாடிக்கையாளர் ஒன்று கேட்கிறார், வித்வானுக்குப் பெருந்தன்மை வேண்டும். பக்கத்தில் திரும்பினேன். "அம்பலம், நீ கல்யாணியப் பாரு" என்றேன். நான் கொடுத்தது அது. அவனாகக் கேட்கவில்லை. நான் சீவாளியை மாற்றிக்கொண்டேன். இந்தத் தடவை நினைத்துத்தான் மாற்றினேன்.

வீட்டில் ஒரு மத்தியானம், யாரும் இல்லை என்று, நல்ல சீவாளியைப் போட்டுக்கொண்டு அந்தக் காந்தாரத்தை எடுத்துப் பார்த்தேன். சும்மா, பல் ஆறிவிட்டதா என்று சோதிக்க. நிற்க முடியவில்லை. உடம்பு அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. திரும்பத் திரும்ப எடுத்தேன். கதவுப் பக்கம் அம்பலவாணன் காப்பி டம்ளரோடு நின்றிருந்தான், எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

"மூச்சத் தள்ளாதீங்க அத்தான்" என்றான். "சும்மா அங்க எறக்கி வச்சுட்டுப் பாருங்க."

"எனக்குத் தெரியும்" என்றேன். மறுநாள் அவன் கடைக்குப் போயிருந்தபோது இறக்கி வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் நின்றது. ஒரு பத்து எண்ணுகிற நேரம். நன்றாகத்தான் இருந்தது.

மார்கழியில் புது அட்டை அடித்தோம். இந்தாருங்கள், ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண், பிள்ளை உண்டா? ஆட்டுகிறீர்கள், நல்லது. இரண்டு பெயரையும் போட்டுவிடலாம் என்று பவுனு சொன்னாள். யார் பெயர் மேலே என்று ஒரு சின்னப் பேச்சு வந்தது. இதற்கெல்லாம் சண்டை எதற்கு, படித்தவர்கள் செய்கிறபடி அகரவரிசையில் போடுங்கள் என்று நான்தான் தீர்ப்புச் சொன்னேன். உலகம் முழுக்க அதுதான் முறை. படம் மட்டும் என்னுடையது. கதிரேசன் மண்டபத்து வாசலில் பெரிதாக மாட்டியிருக்கிறார்களே, அதே படம். இடது கன்னம், கண்ணீர். பார்க்கிறவர்கள் நின்றுதான் போகிறார்கள்.

சிஸ்டர் உங்களைத்தான் கூப்பிடுகிறார். போங்கள் சார், ஒன்றும் இல்லை, மட்டை உரிக்கிற சத்தம் மட்டும்தான். நானா? எனக்கு இந்தத் தடவை வலது பக்கம். காலையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார், "இதையும் எடுக்கணும். ஆனா மூணு வாரம் ஊத முடியாது. உங்களுக்கு முகூர்த்தம் இல்லாத மாசமாப் பாத்துச் சொல்லுங்க, அப்ப வச்சுக்கலாம்." நாட்குறிப்பைப் புரட்டினேன். இந்தத் தை மாதத்தில் பதினோரு முகூர்த்தம். முதலாவது நாளை மறுநாள், கதிரேசன் மண்டபம். இன்றைக்கே எடுத்துவிடலாம் என்றேன்.